புகைக்குழாயில் பூத்த வெள்ளைப் பஞ்சு

காபிக் கொட்டை வறுத்து அரைத்து விற்கிறவனுக்குச் சொத்து இரண்டுதான்: மூக்கும் பேரும். மூக்கை ஜலதோஷம் கெடுக்கும், பேரை வதந்தி கெடுக்கும். தின்னக் குடிக்க விற்றுப் பிழைக்கும் சக கடைக்காரர்களே, 'கலப்படம்' என்று யாராவது முணுமுணுத்தாலே நம் கல்லாப்பெட்டி காலியாகுமே, அதை நானும் பட்டேன். கோரிப்பாளையத்தில் சிக்கரிகூடச் சேர்க்காமல் தூள் விற்கிறவன் நான். இதைச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூஞ்சை

ஒரு நாள் வறுக்கும் எந்திரத்தின் புகைக்குழாய் அடைத்துக்கொண்டது. சுத்தம் பண்ண வந்த காசி அதைக் கழற்றிக் காட்டினார். வளைவுக்குள் வெள்ளை வெளேரென்று பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தது. கொட்டையில் பூஞ்சை என்று முடிவு கட்டிவிட்டேன். அவ்வளவு சூட்டில் பூஞ்சை எப்படிப் பிழைக்கும் என்று யோசித்திருக்கலாம். கோபம் வந்தால் எனக்கு யோசனை வராது. இரண்டு மூட்டைகளை, கொட்டை அனுப்பிய போடி ஊர் வியாபாரிக்கே திருப்பி அனுப்பினேன்.

பிரித்துப் பார்த்துவிட்டு அவர் போன் பண்ணினார்: "கொட்டை சுத்தமா இருக்குண்ணே. ஒங்க கண்ணுலதான் பூ விழுந்திருக்கு."

சுண்ணாம்பு

காசி நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது. டீக்கடையில் போய், "அந்தக் கடைக் குழாய்ல சுண்ணாம்பு மாதிரி அப்பியிருக்கு" என்று சொல்லிவிட்டார். மூன்றே நாளில் நான் தூளில் சுண்ணாம்பு கலக்கிறேன் என்று தெருவே பேசியது.

வாரம் தவறாமல் அரைக் கிலோ வாங்கும் நூர்ஜஹான் அக்கா வெறுங்கையோடு வந்து நின்றார். அவர் நிறுத்தினால் அந்தத் தெருவே நிறுத்தும். அது என்ன வெள்ளை என்று கேட்டார். எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வேன்?

"இருவது வருசமா ஒன் தூளத்தான் குடிக்கிறோம். மொதல்ல பதிலச் சொல்லு தம்பி, அப்பறம் வாரேன்."

பாடம்

பசுமலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கும் ஸ்டெல்லா டீச்சரும் என் வாடிக்கைதான். பஞ்சைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். அது காபிக்குள்ளேயே இருக்கும் காஃபீனாம். சூடேறினால் கற்பூரம் போல, உருகித் தண்ணீராகாமல் நேரே ஆவியாகுமாம். குழாயின் குளிர்ந்த வளைவில் பட்டதும் திரும்பத் திடப்பொருளாகிவிடுமாம்.

"இதுக்குப் பேரு பதங்கமாதல். ஸ்கூல்ல இந்தப் பாடம் நடத்தினப்ப தூங்கிட்டீங்களாண்ணே?"

கரண்டி

ஞாயிறு காலை கடை வாசலில் அடுப்பை வைத்தேன். டீச்சர், அக்கா, காசி, தெருவில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். முதல் கரண்டியில் சுண்ணாம்பு. எவ்வளவு சூடு பண்ணியும் அசையவில்லை. அடுத்த கரண்டியில் பஞ்சைப் போட்டு, குளிர்ந்த பானைத் தண்ணீர் நிரப்பிய டம்ளரை மேலே பிடித்தேன். ஒரு சொட்டும் உருகாமல் பஞ்சு மறைந்தது. டம்ளரின் அடியில் ஊசி ஊசியாக வெள்ளை. காசி தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா லேசில் விடுகிறவர் இல்லை. இடையில் வேறு கடையில் வாங்கிய பொட்டலத்தை நீட்டி, "இதையும் போடு" என்றார். அந்தத் தூளில் ஒரு கரண்டி, என் தூளில் ஒரு கரண்டி, மெல்லிய தீ, கரண்டிக்கொரு டம்ளர். வேறு கடைத் தூளில் வெள்ளை பேருக்குத்தான் படிந்தது. என்னுடையதில் நன்றாகவே பூத்திருந்தது. பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால், பாதிக்குப் பாதி சிக்கரி என்று அச்சடித்திருந்தது. சிக்கரியில் காஃபீன் கிடையாது என்று டீச்சர் சொன்னார். பெருமையோடு இரண்டு டம்ளரையும் அக்கா முன்னால் நகர்த்தி வைத்தேன்.

அக்கா இரண்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பையை விரித்தார்: "வெள்ளை அம்புட்டு வர்ற தூள்லயே ஒரு கிலோ போடு."

பள்ளிக்கூடத்தில் கோட்டைவிட்ட பாடத்தை, ஐம்பது வயதில் கோரிப்பாளையத்து ஜனம் பார்க்கக் கரண்டியும் கையுமாக நின்று பாஸ் பண்ணினேன்.