தலைகீழ்க் கண்ணாடி

ஏணியின் ஐந்தாம் படியில் நின்றபடி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி மாட்டுகிறார். காதில் நிற்க மறுக்கும் கம்பிகளைப் பின்மண்டையில் கயிறு கட்டி இறுக்குகிறார். கீழே போகும் நர்சுகள் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள்.

"சிரிங்க, சிரிங்க. கரண்டு சிரிக்காது."

மருத்துவமனை எலக்ட்ரீஷியன். எல்லோருக்கும் 'ஏணியண்ணன்'. இருபத்தாறு வருடமாகத் தலையைக் கூரைத் தட்டிக்குள் விட்டுப் பிழைப்பவர். ஆட்களை உச்சந்தலை வைத்தே அடையாளம் சொல்வார். "பெரிய டாக்டருக்கு வழுக்கை ரெண்டு இன்ச் ஏறிப்போச்சு, கவனிச்சீங்களா?"

ஐம்பதில் வெள்ளெழுத்து வந்தது. செய்தித்தாளைத் தள்ளித் தள்ளிப் பிடித்தார். "கண்ணு நல்லாத்தான் இருக்கு. கைதான் நீளம் பத்தல."

பைஃபோகல் போட்டதும் மேல்பாதியில் தெரு, கீழ்ப்பாதியில் செய்தித்தாள்; இரண்டும் பளிச். ஏணியில் மட்டும் அதுவே எதிரியாயிற்று. ஒயர் தலைக்கு மேலே. படிக்கும் வில்லையோ கீழே. தலையை முதுகுப் பக்கம் சாய்த்தால்தான் ஒயரின் எண் தெரியும். இறங்கும்போது அதே வில்லை வழியே படி கலங்கும், கால் அந்தரத்தில் துழாவும்.

அதை இன்ஜினியரம்மா பார்த்துவிட்டார். எட்டு வயது இளையவர், கறார்.

"யானைக்கும் அடி சறுக்கும்ணே. வெள்ளிக்கிழமை ஏறி பத்து நம்பர் படிச்சுக் காட்டுங்க. தடுமாறினா ஏணிப் பதிவேட்டுல உங்க பேரு இருக்காது. ஸ்டோர்ல உக்காந்து பல்பு எண்ணலாம்."

"பல்பு எண்ணவா பொறந்தேன்?" என்று வீட்டில் பொருமியபடி கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

மனைவி ஏற இறங்கப் பார்த்தார். "கோவத்துல கண்ணாடியத் தலைகீழா மாட்டியிருக்கீங்க."

கழற்றப்போன கை நின்றது. அலமாரியின் மேல்தட்டில் டப்பாவின் பொடி எழுத்து கழுத்து வலிக்காமல் தெரிந்தது. குனிந்தார். கால் கட்டைவிரலும் தெளிவாகத் தெரிந்தது.

"படிக்கிற வில்லைய மேல வச்சே செஞ்சு தரலாம் சார். பத்து நாள் ஆகும்," என்றார் கண்ணாடிக் கடைக்காரர். வெள்ளிக்கு மூன்று நாள்தான் இருந்தது. கயிறு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இன்றுதான் அந்த வெள்ளி. ஏணிக்குத் தோளால் முட்டுக் கொடுத்து இன்ஜினியரம்மா நிற்கிறார், கையில் ஒயர்ப் பட்டியல். அண்ணன் சொல்வதை அதன் ஓரத்தில் கொட்டை எழுத்தில் குறித்துக்கொள்கிறார்.

"நூத்திப் பதினேழு... நூத்தி நாப்பத்தொண்ணு... பட்டியல்ல சரியா இருக்காம்மா?"

அண்ணன் குனிந்து பார்க்கிறார். அச்சடித்த எண்ணைத் தேடி, இன்ஜினியரம்மாவின் கை காகிதத்தோடு நீண்டுகொண்டே போகிறது.

"இருங்கண்ணே, வெளிச்சம் பத்தல."

"லைட்டு நான் போட்டதும்மா. வெளிச்சத்துல குறை வராது."

பத்து எண்ணும் முடிகின்றன. ஒரு படியில்கூடக் கால் துழாவாமல் இறங்குகிறார். கயிற்றை அவிழ்த்து, கண்ணாடியை நேராகத் திருப்பி, சட்டை நுனியில் துடைத்து, பட்டியல் மேல் வைக்கிறார்.

இன்ஜினியரம்மா வராந்தாவின் இரு பக்கமும் பார்க்கிறார். யாருமில்லை. மாட்டிக்கொண்டு, பத்தையும் ஒத்துப்பார்த்து, ஏணிப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே டிக் போடுகிறார்.