பெயர் மேல் பெயர்

பார்த்தால் நகப்பூச்சுப் புட்டி போலவே இருக்கும். மூடியோடு சேர்ந்த சின்னத் தூரிகை, உள்ளே சிவப்புத் திரவம். சைக்ளோஸ்டைல் மெஷினில் பிரதி எடுப்பதற்கான ஸ்டென்சில் தாளில் தப்பாக டைப் அடித்த எழுத்தின் மேல் அதைத் தடவி, ஊதிக் காயவைத்து, அதன்மேல் சரியானதைத் தட்ட வேண்டும். எண்பதுகளின் நடுவில், டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த நான், தாம்பரத்தில் எங்கள் சபையின் ஞாயிறு ஆராதனைத் தாளை வெள்ளிதோறும் அப்படித்தான் தயாரித்தேன். என்ன பாட்டு, யார் ஜெபம், யார் வேத வாசிப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும்.

தாளுக்கு எஜமானர் சபைச் செக்ரட்டரி ஐயா. ஞாயிறு காலை கடவுளுக்கே இவர்தான் நேரம் ஒதுக்கிக் கொடுத்ததாக நினைப்பு. செவ்வாய்க்கிழமையே வந்து, பலிபீடத்துப் பூச்சாடிகளுக்கு இடையே ஸ்கேல் வைத்து அளப்பார். வாரம் முழுக்க இவ்வளவு ஆயத்தம் செய்தவர் பைபிளைத் திறந்து ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

அந்த வாரம் வாசிப்புக்கு ஆயர் எழுதிக் கொடுத்த பெயர், இரும்புலியூரில் தெருத்தெருவாக மீன் விற்ற அக்காவுடையது. முதியோர் வகுப்பில் அப்போதுதான் எழுத்துக்கூட்டப் பழகியிருந்தார். சபையில் எழுந்து படிப்பது முதல் தடவை. பகுதியும் வலை வீசி மீன் பிடித்த கதை. தினமும் வியாபாரம் முடிந்ததும் காலிக் கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு, என்னிடம் வந்து விரல் வைத்துப் படிப்பார். வியாழக்கிழமை ஓரிடத்திலும் தடுமாறாமல் முடித்துவிட்டு, "பாப்பா, எம் பையனையும் இட்டுகினு வரேன். அவங்கம்மா படிக்கிறத பாக்கட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஸ்டென்சிலைப் பார்த்த ஐயா மூக்கைச் சுளித்தார். "இந்தம்மா இன்னா, கீதுன்னு படிச்சா சர்ச்சே சிரிக்கும். அழிச்சுட்டு என் பேரைப் போடும்மா. சீக்கிரம், எனக்கு ஒரு ரிசப்ஷன் இருக்கு."

புத்தகத்தில் உள்ளதைத்தானே படிக்கப் போகிறார், அதில் இன்னா எங்கிருந்து வரும்? இதை மனதுக்குள் கேட்டேன். மனதுக்குள் கேட்பதில் நான் அப்போது பெரிய கெட்டிக்காரி. அவர் பறந்த பறப்பில் பூச்சு காயுமுன்பே தட்டிவிட்டேன். சனிக்கிழமை பிரதி எடுத்தபோது அக்காவின் பெயர் மேல் அவர் பெயர் ஏறி உட்கார்ந்திருந்தது. இரண்டும் தெரிந்தன. வேறு ஸ்டென்சில் கைவசம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை புதுச் சேலையில், மகனோடு, அக்கா வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார். "இன்னா சார், எம் பேரு மேலயே உங்க பேரு கீது? யாரு படிக்கறது?"

"டைப்பிங் மிஸ்டேக்மா" என்று சிரித்தார் ஐயா. "இந்தப் பொண்ணு தெரியாம உங்க பேரை அடிச்சுடுச்சு."

அக்கா என்னைப் பார்த்தார். "ஆமாங்கக்கா" என்றேன்.

ஐயாவே படித்தார். வலை வந்த இடமெல்லாம் 'வளை' என்று அழுத்திப் படித்தார். சர்ச் சிரிக்கவில்லை. அக்காவின் உதடுகள் மட்டும் அவருக்கு ஒரு வரி முன்னால் போய்க்கொண்டிருந்தன. அதன்பிறகு எந்தத் தாளிலும் அக்கா பெயரைப் போடச் சொல்லி யாரும் தரவில்லை, ஆயரும்கூட. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

இன்றும் அந்தத் தாளை நான்தான் தயாரிக்கிறேன், கம்ப்யூட்டரில். ஒரு பெயரை எடுத்தால் இருந்த அடையாளமே தெரியாது. ஐயா இருந்திருந்தால் பூரித்துப் போயிருப்பார். அந்த மனிதர்மேல் எனக்குத் துளி மரியாதையும் கிடையாது. அவர் பொய்க்கு ஆமாம் போட்டவள்மேலும் கிடையாது. புட்டி இன்னும் என் மேஜையில் கிடக்கிறது, கல்லாகக் காய்ந்து. அன்று அது காயாமல் இருந்ததால்தான் அக்காவின் பெயர் ஒரே ஒரு ஞாயிறாவது சபையார் கைக்கு வந்தது.