சித்தியின் மடியரிசி

எங்கள் வீட்டில் அப்போது இரண்டு தேசங்கள் இருந்தன. ஒன்று அப்பாவுடையது, மற்றொன்று மாமாவுடையது. அப்பாவின் தேசம் காஷ்மீரத்தில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும். அதில் ஒரு முழம்கூடக் குறைய அவர் சம்மதிக்க மாட்டார். மாமாவின் தேசம் அவ்வளவு பெரிதில்லை. தெற்கே இருக்கிற நான்கு ராஜ்யங்களைப் பிய்த்துத் தனியாக எடுத்துக்கொண்டால் அவருக்குப் போதும். இரண்டு தேசத்துக்கும் சோறு மட்டும் ஒரே பானையில்தான் வெந்தது. அதை வடித்துக் கொட்டும் வேலை அம்மாவுடையது.

மாமா அம்மாவின் தம்பி. ஓசூரில் எங்கள் வீட்டுக்கு முன்னாலேயே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். தனிநாடு கேட்ட தலைவர்களே அது வேண்டாமென்று விட்டுவிட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பிரிவினை பேசக் கூடாதென்று சட்டமும் வந்துவிட்டது. இதை அப்பா ஞாபகப்படுத்தினால், "அவங்க விட்டுட்டா நானும் விடணுமா? நல்லா இருக்கே கதை!" என்பார் மாமா. ஆக, அந்தத் தேசத்தின் கடைசிப் பிரஜை பஞ்சர் ஒட்டிக்கொண்டு எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

அப்பா பஞ்சாயத்து ஆபீசில் குமாஸ்தா. கதர் தவிர எதுவும் உடுத்த மாட்டார். மைத்துனன் இப்படிப் பேசுவதற்குக் காரணம் அந்நியக் கை என்று அவர் தீர்மானமாக நம்பினார். சைனாவோ பாகிஸ்தானோ, எவனோ ஒருவன் பின்னால் இருக்கிறான் என்பார். மாமாவிடம் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. சாயங்காலமானால் ஏதோ ஒரு தூர தேசத்துக்காரர்கள் அதில் தமிழ் பேசுவார்கள். செய்யுள் படிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவார்கள். அவர்களிடமிருந்து ஒருமுறை மாமாவுக்கு ஓசியில் ஒரு காலண்டர் வந்தது. அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. அந்நியக் கை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது என்று அவர் சொன்னதால், நான் அந்தக் காலண்டரை நெடுநேரம் உற்றுப் பார்த்தேன். டிராக்டர் மேல் உட்கார்ந்து பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்களே தவிர, கை எதுவும் தனியாகத் தென்படவில்லை. அம்மா ஒரே பார்வையில் அதைக் கழித்துக் கட்டினாள். "இதுல ராகுகாலமே போடலியே, இதெல்லாம் ஒரு காலண்டரா?"

இப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் சித்திக்குக் கல்யாணம் நடந்தது.

சித்தி, அம்மாவுக்கும் மாமாவுக்கும் தங்கை. தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். எனக்குத் தலை வாரியது, சோறு ஊட்டியது, காய்ச்சலென்றால் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் அவள்தான். மாப்பிள்ளை வீடு அத்திப்பள்ளிக்குப் பக்கத்தில். எல்லைக்கு அந்தப் பக்கம், மைசூர் ராஜ்யம். எங்கள் ஆட்கள்தான். அந்தப் பக்கம் இருந்துவிட்டதால் வீட்டில் கன்னடம் பேசினார்கள். இந்தப் பக்கம் இருந்துவிட்டதால் நாங்கள் தமிழ் பேசினோம். சந்தையில் போய் இரண்டு கூட்டமும் தெலுங்கில் பேரம் பேசும். எங்கள் ஊரில் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

வாழ்க்கையில் முதல்முறையாக அப்பாவும் மாமாவும் ஒரே வார்த்தை சொன்னது இந்தச் சம்பந்தத்தில்தான். இதுவல்லவா தேச ஒற்றுமை என்று அப்பா பூரித்துப் போனார். தன் நாட்டின் இரண்டு மாகாணங்கள் இன்றைக்கே சேர்ந்துவிட்டன என்று மாமா மார்தட்டினார். சித்தியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் பாட்டுக்கு அடுப்படியில் கேழ்வரகு மாவு கிண்டிக்கொண்டிருந்தாள்.

மடியரிசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாலி கட்டி முடிந்து பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பும்போது, பிறந்த வீட்டார் அவள் மடியில் பச்சரிசி, தேங்காய், வெல்லம், மஞ்சள் கிழங்கு எல்லாம் வைத்து முந்தானையால் இறுக்கிக் கட்டுவார்கள். கன்னடக்காரர்கள் இதை மடிலக்கி என்பார்கள், தெலுங்குக்காரர்கள் ஒடிபிய்யம் என்பார்கள். கட்டின மடியைப் புருஷன் வீட்டு வாசற்படி தாண்டும் வரை அவிழ்க்கக் கூடாது. சித்தியின் மாமியார் இதில் மகா கண்டிப்பு என்று ஊரே சொன்னது. மூத்த மருமகள் மடியிலிருந்து வழியில் தேங்காய் உருண்டு விழுந்துவிட்டதாம். அவ்வளவுதான், படி ஏறாதே என்று வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பினாளாம் அந்த அம்மாள்.

அந்த வருஷம் அரிசிப் பஞ்சம். ரேஷன் கடையில் அமெரிக்கக் கோதுமையைத் தலையில் கட்டினார்கள். ஒரு ராஜ்யத்து அரிசி இன்னொரு ராஜ்யத்துக்குப் போகக் கூடாதென்று சர்க்கார் தடை போட்டிருந்தது. இது அப்பாவுக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும், ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும். ஆனால் மடியில் கட்டுகிறது அரிசி என்று எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அது மடியரிசி! தாலியைத் தங்கம் என்று யாராவது நினைப்பார்களா?

காலையில் எங்கள் வீட்டு வாசலில் தாலி கட்டியாயிற்று. சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டுமென்று, பெங்களூர் மார்க்கெட்டுக்குக் கோஸ் ஏற்றிப் போகிற லாரி ஒன்றை மாமா பிடித்துவந்தார். சித்தியும் மாப்பிள்ளையும் டிரைவர் பக்கத்தில். அப்பா, அம்மா, மாமா, நான், பித்தளை அண்டா, பாய், தலையணை எல்லோரும் பின்னால். கழுவியும் போகாத கோஸ் நாற்றம் கல்யாணப் பந்தல் வாசனையை அமுக்கிவிட்டது.

எல்லையில் சாவடி. இன்றைக்கு அந்தப் பக்கமெல்லாம் கம்பெனி கம்பெனியாக நிற்கிறது, கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வரிசை கட்டுகின்றன. அன்றைக்கு ரோட்டின் குறுக்கே ஒரு மூங்கில், ஓரத்தில் ஒரு கொட்டகை, அவ்வளவுதான். அதிகாரி திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர். லாரிக்குள் எட்டிப் பார்த்தார். சித்தியின் மடியைப் பார்த்தார்.

"அதென்னம்மா மடியில? அரிசியா? எறங்கு."

மடியரிசி என்று அம்மா பதறிக்கொண்டு சொன்னாள். எங்கள் ஊரில் அப்படியொரு வழக்கமே கிடையாதே என்றார் அவர். அவர்மேலும் தப்பில்லை. போன வாரம்தான் ஒரு கல்யாண கோஷ்டி இதே மாதிரி வந்ததாம். மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டு ரொம்ப நாணத்தோடு போனாளாம். முக்காட்டை விலக்கினால் மீசை இருந்ததாம்.

அதனால் எங்கள் கல்யாணம் நிஜமா பொய்யா என்று விசாரணை தொடங்கியது. புருஷன் பெயரென்ன என்று சித்தியைக் கேட்டார். கட்டின புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சித்தி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அதிகாரி மாப்பிள்ளை பக்கம் திரும்பி, உம்ம சம்சாரம் பெயரென்ன என்றார். மாப்பிள்ளை ஏற்கெனவே கூச்ச சுபாவம். போதாததற்குப் போலீஸ்காரர் வேறு லத்தியோடு பக்கத்தில் நின்றார். பாவம், காலையில் தாலி கட்டின பெண்ணின் பெயர் அந்த மனுஷருக்கு மறந்தே போய்விட்டது! முழித்தார். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டார்.

"பொண்ணு போகட்டும், மாப்பிள போகட்டும். அரிசி போகக் கூடாது. யோவ், சாக்கு எடுத்துட்டு வாரும்."

சாக்கு வந்தது. சித்தி இரண்டு கையாலும் மடியைப் பிடித்துக்கொண்டாள். அவிழ்த்தால் மாமியார் வாசல் ஏற்ற மாட்டாள், தாலியோடு திரும்பி வர வேண்டியதுதான். அம்மா அழ ஆரம்பித்தாள்.

அப்போதுதான் மாமா லாரியிலிருந்து குதித்தார்.

"ஏன் சார், இது ஒரே நாடா இல்லியா? காஷ்மீரத்துலேர்ந்து கன்னியாகுமரி வரைக்கும் ஒண்ணுன்னு சொல்றீங்க. எங்கியோ இருக்கிற அமெரிக்காக்காரன் கோதுமை கப்பலேறி வந்து ஊர் ஊராப் போவுது. இங்கிருக்கிற அத்திப்பள்ளிக்கு எங்க அரிசி போவக் கூடாதா? அப்புறம் என்னா சார் ஒத்துமை?"

மாமாவின் வாயிலிருந்து இந்தப் பேச்சா என்று அம்மா அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அதைவிடப் பெரிய அதிசயம் அடுத்தாற்போல நடந்தது. அப்பா சர்க்கார் குமாஸ்தா அல்லவா, சட்டத்தை எதிர்த்து ஒருவன் பேசினால் அவருக்குப் பொறுக்காது. ராஜ்யத்துக்கு ராஜ்யம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், நம்ம அரிசி நமக்கு, அவங்க அரிசி அவங்களுக்கு, எல்லையென்றால் எல்லைதான் என்று மாமாவைப் பார்த்துக் கத்தினார். நம்ம, அவங்க என்று பிரித்துப் பேசுவது யார்? கதர் ஜிப்பா போட்ட எங்கள் அப்பா! பாரத மாதாவை ஒரு சைக்கிள் கடைக்காரரும், பிரிவினையை ஒரு கதர்க்காரரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றார்கள். அதிகாரிக்குத் தலை சுற்றியது.

"இவரு யாரு, பெரிய தேசபக்தரோ?" என்று மாமாவைக் காட்டிக் கேட்டார்.

"இவனா! தனிநாடு கேக்கிறவன் சார் இவன். வெளிநாட்டு ரேடியோ கேக்கிறவன். காலண்டர்கூட அனுப்பியிருக்காங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் எங்கே நின்று என்ன சொல்கிறோம் என்று அப்பாவுக்கு உறைத்தது. போலீஸ்காரர் லத்தியைக் கை மாற்றிக்கொண்டார். அதிகாரி மாமாவை மேலும் கீழும் பார்த்தார். அப்பாவுக்கு முகம் வெளிறிப் போயிற்று. "சும்மா பாட்டு கேக்கத்தான் சார்... நல்ல பையன் சார்... வயசுக் கோளாறு" என்று உளறத் தொடங்கினார். தோளிலிருந்த துண்டு நழுவிக் கீழே விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

இந்தக் கூத்து எவ்வளவு நேரம் நீண்டிருக்குமோ. லாரி மாட்டிக்கொண்ட சேதியை எவனோ சைக்கிளில் போய்ச் சொல்ல, மூங்கிலுக்கு அந்தப் பக்கமிருந்து மாமியார் அம்மாளே வேகுவேகென்று நடந்து வந்துவிட்டாள். பின்னால் ஊர்ச் சனம். பருத்த உடம்பு, நெற்றி நிறையக் குங்குமம். தொலைந்தோம் என்று அம்மா என் கையை நசுக்கினாள்.

அந்த அம்மாள் குனிந்து மூங்கிலைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தாள். பாதி கன்னடமும் பாதி தமிழுமாக விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். பிறகு அதிகாரியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அரிசி இந்தப் பக்கமே இருந்தா உனக்குச் சரிதானே அப்பா?"

சரிதான் என்றார் அவர். அவ்வளவுதான். அவள் சித்தியை மூங்கில் வரை கூட்டிப்போய் நிறுத்தினாள். "இதுவே நம்ம வாசப்படி. பாம்மா மகளே, உள்ள வா" என்றாள். தண்ணீர் வாங்கிச் சித்தியின் காலில் ஊற்றினாள். தானே சித்தியின் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு மணி சிந்தாமல் எல்லாவற்றையும் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். மடியரிசி வீடு சேர்ந்துவிட்டது! பிறகு நேராக அம்மாவிடம் வந்து, தன் மடியிலிருந்ததை அப்படியே அம்மாவின் மடியில் கொட்டினாள்.

"இது எங்க வீட்டு அரிசி. சம்பந்திக்கு நான் குடுக்கிறது. கொண்டுபோய்ப் பொங்கிச் சாப்பிடுங்க."

போலீஸ்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அதிகாரிக்கும் அரிசி ராஜ்யத்தைத் தாண்டவில்லை என்ற திருப்தி. மாமா விஷயத்தையும் அந்தச் சந்தடியில் விட்டுவிட்டார். ஆனால் சரக்கு லாரியில் ஆள் ஏற்றியதே குற்றம், லாரி திரும்பித்தான் ஆக வேண்டுமென்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே சித்தியும் மாப்பிள்ளையும் அந்த அம்மாளோடு நடந்து போவதென்றும், நாங்கள் திரும்புவதென்றும் முடிவாயிற்று. அண்டாவையும் பாயையும் ஊர்ச் சனம் தலையில் தூக்கிக்கொண்டது.

ஆபத்து விலகியதும் அப்பாவுக்கும் மாமாவுக்கும் உயிர் வந்துவிட்டது. பார்த்தீர்களா, எல்லையென்பதே பொய், நான் சொன்னதுதான் ஜெயித்தது என்றார் மாமா. சட்டமும் நிலைத்தது, ஒற்றுமையும் நிலைத்தது, நான் சொன்னதுதான் ஜெயித்தது என்றார் அப்பா. நடுரோட்டில் நின்று மறுபடியும் தேசத்தை அளக்க ஆரம்பித்தார்கள்.

மூங்கிலை மேலே தூக்கினார்கள். அதன் கீழே போன சித்தி நின்று திரும்பினாள். காலையிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்கவில்லை.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. எனக்கு ஒண்ணு சொல்லுங்க. உங்க ரெண்டு நாட்டுல எந்த நாட்டுல, எனக்கு நெனப்பு வர்றப்போ நானே கெளம்பி அக்காவைப் பாக்க வரலாம்?"

மாமா லாரிச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். அப்பா கீழே கிடந்த துண்டை எடுத்து உதறினார். அம்மா மடியிலிருந்த அரிசியைப் பார்த்தபடி நின்றாள். அந்த மாமியார் அம்மாள்கூட ரோட்டின் அந்தப் பக்கம் பார்த்தாள். எனக்கோ சிரிப்பு வந்தது. இது என்ன பெரிய கேள்வி! ஓசூரில் ஏறி ஒரு பொட்டலம் கடலை தின்று முடிப்பதற்குள் அத்திப்பள்ளி வந்துவிடுகிறது.

"பஸ்ஸு இருக்கே, சித்தி!" என்று நான் கத்தினேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பாவுக்கும் மாமாவுக்கும் தெரியாத பதில் எனக்குத் தெரிந்துவிட்டதே என்று, வீடு வந்து சேரும் வரை எனக்கு ஒரே பெருமை.