கடைசியில் குரல்

மைக் தாங்கியின் இரும்பு அடிப்பாகம் என் இடது தோளில் விழுந்தபோது உடனே வலிக்கவில்லை. எலும்பு முறிந்த சத்தம்தான் முதலில் கேட்டது. அதை வீசியவர் அத்தான், அக்காவின் கணவர். வெளிநாட்டில், வென்ட்வேர்த்வில் என்ற புறநகரில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கராஜ் அது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் பழத்தோட்டம், இறைச்சித் தொழிற்சாலை என்று அலைந்துவிட்டு, வேலை இல்லாத வாரங்களில் அங்கே போய்ப் படுத்துக்கொள்வேன்.

அத்தான் கெட்டிக்காரர். கராஜ் சுவரில் பழைய மெத்தைகளை ஆணியால் அறைந்து, அங்கேயே பாட்டுகள் செய்தார். முதலில் டிரம்ஸ், அதன் மேல் பேஸ் கிற்றார், பிறகு கீபோர்ட். குரல் கடைசியில். "வீடு கட்டுற மாதிரியடா. அத்திவாரம் போட்டிட்டுத்தான் கூரை" என்பார். அதில் பிழையில்லை, பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் சுருதியைத் தன் விரல்களுக்கு வசதியாக வைத்துவிடுவார். அக்காவுக்கு எட்டாவிட்டால் ஹெட்போன் வயரை மடித்து அடிப்பார். நான் வெளியே போய் சிகரெட் பிடிப்பேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் அம்மா இறந்தபோது அக்காவால் போக முடியவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் ஒலிக்கவிடுவதற்கு அவளே ஒரு பாட்டுக் கட்டினாள். அத்தான் இரண்டு வாரம் எடுத்து வாத்தியங்களைப் பதிந்தார். குரலுக்கு வந்தபோது ஒரேயொரு நாள் மிச்சம். மேல் சுரத்தில் அவள் குரல் உடைந்தது.

"சுருதியைக் கொஞ்சம் இறக்கித் தாங்கோவன்."

"உனக்காக எல்லாத்தையும் திருப்பி அடிக்கிறதோ? கொம்மா என்ன, எழும்பி வந்து கேக்கப் போறாவோ?"

அன்று அவள் உதடு கிழிந்தது.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போனதும் அக்கா என்னைக் கராஜுக்குக் கூப்பிட்டாள். "தம்பி, குரலை முதல் எடுப்பம்."

"தாளம் இல்லாமலோ?"

"அம்மாவை நினைச்சு அழ எனக்குத் தாளம் வேணுமோ? நீ பட்டனை அமத்து."

வீங்கிய உதட்டோடு ஒரே தடவை பாடினாள். இரண்டு இடத்தில் மூச்சு நின்றது. அதை அப்படியே ஊருக்கு அனுப்பினோம். மாலை அத்தான் கம்ப்யூட்டரைத் திறந்து புதிய பதிவைக் கண்டார். "ஆரைக் கேட்டு எடுத்தனீ?" என்றபடி மைக் தாங்கியைத் தூக்கி அவள் தலைக்கு வீசினார். அந்த முறை நான் வெளியே போகவில்லை. தோளில் வாங்கிக்கொண்டு, மற்றக் கையில் அகப்பட்ட கீபோர்ட்டால் அவர் முகத்தில் அடித்தேன். இரண்டு பற்கள் விழுந்தன. அவர் விழுந்த பிறகும் அடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட்டிருக்காவிட்டால் எங்கே நிறுத்தியிருப்பேன் என்று தெரியாது. அக்காவை நெருங்கக்கூடாது என்று நீதிமன்றம் அவருக்கு உத்தரவு போட்டது.

இப்போது அக்கா குவேக்கர்ஸ் ஹில் என்ற இன்னொரு புறநகரில் தனியாக இருக்கிறாள். போன மாதம் நான் அங்கே இருந்தபோது, தெரிந்த ஒருவர் மூலம் அத்தான் என் போனுக்கு ஒரு பதிவு அனுப்பினார். அதே பாட்டு. அவள் குரலை அப்படியே வைத்து, அதன் பின்னால் வாத்தியங்களைக் கோத்திருந்தார். அவள் மூச்சு நின்ற இரண்டு இடத்திலும் எல்லா வாத்தியங்களும் நின்று காத்திருந்தன. அப்படி ஒரு வேலையை நான் கேட்டதில்லை.

அக்கா குசினி அடுப்படியில் நின்றபடி முழுவதும் கேட்டாள்.

"நல்லாச் செய்திருக்கிறார்" என்றாள். "அழிச்சு விடு தம்பி."