வாசலில் அம்மன்

நேற்றுக் காற்றில் எங்கள் முகப்பேர் தெருவின் தூங்குமூஞ்சி மரம் சாய்ந்து, பக்கத்து வீட்டு வேம்பில் சிக்கி, என் கேட்டுக்கு மேலே தொங்குகிறது. வேறு வாசல் கிடையாது.

“கேட்டாண்ட வராதே சார். மொதல்ல கயிறு கட்டி இஸ்து புடிச்சிகினு, அப்பால வேப்பங்கிளைய வெட்டினா மெதுவா எறங்கிடும்,” என்றார் மரம் வெட்ட வந்தவர்.

வேம்புக்கு மஞ்சள் புடவை கட்டியிருக்கிறது.

“இன்னா நைனா, அம்மன் மேலயே கத்தி வெப்பியா? அவதான் தாங்கிகினு கீறா!” என்றார் பக்கத்து வீட்டம்மா.

மரம் வெட்ட வந்தவர் செருப்பைக் கழற்றி, வேம்பைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். “வாசல்ல அம்மன் இருக்கா சார், வெளிய வர முடியல.”

“ஐயோ, அம்மையா? மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் ஆபீஸ் பக்கம் வராதீங்க,” என்றார் மேலாளர்.

தண்ணீரை எனக்கு ஊற்றுவதா, வேம்புக்கா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.