வழியனுப்பிய பிறகும் இருந்தவர்கள்

கட்டில், பீரோ, டி.வி. எதுவும் இல்லாத வீட்டில் கிட்டத்தட்ட ஒரு வருடம் இருந்திருக்கிறோம். வறுமை இல்லை. அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலையில் இருந்தார். ஜமைக்காவுக்குக் குடிபோகிறோம் என்று எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, போகாமல் இருந்துவிட்டோம். அவ்வளவுதான் விஷயம்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் அப்போது எங்களுக்குத் தெரிந்த யாருக்கும் அங்கே சொந்த வீடு கிடையாது. எல்லாம் குவார்ட்டர்ஸ். விருதுநகரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். உறவுக்காரர்கள் எல்லாம் ஒரு பகல் பஸ் தூரத்தில். அதனால் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்களே அத்தையும் மாமாவும் ஆனார்கள். ஒரு குடும்பம் ரிட்டயர் ஆகியோ வேறு வேலை கிடைத்தோ கிளம்பும்போது சாமான்களை விற்காது. வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டுப் போகும். வாங்கிக்கொண்ட வீட்டில் அவர்களுக்கு ஒரு வேளை விருந்து. எங்கள் கட்டிலே சேலத்துக்குத் திரும்பிப்போன ஒரு குடும்பம் விட்டுச்சென்றதுதான். அவர்களுக்கு அது யாரிடமிருந்து வந்ததோ. நல்ல ஏற்பாடு, விருந்து சாப்பிட்டவர்கள் சொன்னபடி ஊரைவிட்டுப் போய்விட்டால். எங்கள் வட்டத்திலேயே, அதாவது டவுன்ஷிப்பின் எங்கள் பிளாக்கிலேயே, விருந்தும் சாப்பிட்டு, அடுத்த வாரம் பால் பூத் வரிசையிலும் வந்து நின்ற குடும்பம் எங்களுடையது மட்டும்தான்.

மண்ணை வெட்டி அள்ளும் ராட்சத இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது அப்பாவின் வேலை. அவரோடு அதே வேலையில் இருந்து ஜமைக்காவுக்குப் போயிருந்த நண்பர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். அங்கேயும் திறந்தவெளிச் சுரங்கம்தான், நிலக்கரிக்குப் பதில் அலுமினியத் தாது, நம் ஆட்களின் கைக்கு நல்ல மரியாதை, குடும்பத்தோடு வந்துவிடு என்றார். அப்பா ரிசீவரை வைத்துவிட்டுச் சிரித்தார். ஒருவர் வேடிக்கையாகச் சொன்னதைக் கேட்டவர் சிரிக்கும் சிரிப்பு அது. அம்மா சிரிக்கவில்லை. அங்கே பள்ளிக்கூடமெல்லாம் எப்படி என்று கேட்டாள். எனக்காகக் கேட்கிறாள் என்றுதான் அப்பாவும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

செய்தி வட்டம் முழுக்கப் பரவியது. ஜமைக்கா என்றால் யாருக்கும் பிடிபடவில்லை. வெஸ்ட் இண்டீஸ் என்றதும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பின்வீட்டு மாமா அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் கிரிக்கெட் மைதானத்துக்கு வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாமா என்று விசாரித்தார். எதிர்வீட்டு அத்தை பண்ருட்டிப் பக்கம். மேற்கிந்தியத் தீவு என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அது குஜராத்துக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று கேட்டார். இன்னும் ரொம்ப தூரம் என்று அம்மா சொன்னதும், "அப்போ பலாப்பழம் கெடைக்காதுன்னு சொல்லுங்க்கா" என்றார். அதற்குமேல் அந்த நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள அவருக்கு எதுவும் இருக்கவில்லை.

ஒரு பகல், அப்பா ஷிப்ட்டில் இருக்கும்போது, மறுபடியும் போன் வந்தது. இந்த முறை நண்பரின் மனைவி. அவர் பேசி முடித்து, ரிசீவரை வேறு யாரிடமோ கொடுத்தார். அம்மா சட்டென்று எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு ஆங்கிலத்தில் பேசினாள். அம்மா இயற்பியலில் எம்.எஸ்ஸி., அதற்குமேல் பி.எட். என்று எனக்குத் தெரியும். அவை கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வதற்கான எழுத்துகள் என்று நினைத்திருந்தேன். அப்பாவின் ஷிப்ட்டுக்குத் தகுந்தபடி சமைப்பதும், அவர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் பகல்களில் என்னைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வதும்தான் நான் அறிந்த அம்மா. அவ்வளவு நேரம், தடுமாறாமல், வேறு மொழியில் பேசும் ஒரு பெண்மணியை எங்கள் ஹாலில் அன்றுதான் பார்த்தேன். கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அப்பா வந்ததும் அம்மா சொன்னாள். அங்கே அறிவியல் டீச்சர்களுக்குத் தட்டுப்பாடாம். பேசியது ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ். வந்து சேர்ந்தால் ஒரு வகுப்பு காத்திருக்கிறது என்றாராம். அப்பா சாம்பாரை ஊற்றிக்கொண்டே, நல்லதாப் போச்சு, உனக்கும் பொழுது போகும் என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் அம்மாவின் வேகம். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தோம். அதில் மூவருமே பிடிபட்ட திருடர்கள் போல இருந்தோம். விசா இரண்டு மாதத்தில் வந்துவிடும் என்று நண்பர் சொன்னதை அம்மா நம்பினாள். கடைசி நேரத்தில் அள்ளிக் கொடுத்தால் மரியாதை இல்லை என்று, ஒவ்வொன்றாகக் கொடுக்கத் தொடங்கினாள். கட்டிலும் கிரைண்டரும் எதிர்வீட்டுக்கு. டி.வி. பின்வீட்டு மாமாவுக்கு. பீரோ கோடிவீட்டுக்கு. கம்மாபுரம் பக்கத்திலிருந்து கீரை கொண்டுவரும் அம்மாவுக்குப் பரணிலிருந்த பெரிய அண்டா. அந்த அம்மாவின் ஊர் சுரங்கத்துக்குள் போய்விட்டிருந்தது. அண்டாவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க போறோம்னு போறீங்க. எங்கள போன்னாங்க, வந்தோம். வூட்டப் பிரிச்சப்ப நெலக்கதவ மட்டும் கழட்டிகினு வந்தோம். அத மாட்டறதுக்குத் தோதா இன்னும் ஒரு வூடு அமையல" என்றார். அம்மா வேண்டாத கீரையில் இன்னும் ஒரு கட்டு வாங்கினாள்.

விருந்துகள் நடந்தன. எல்லா வீட்டிலும் வடை, பாயசம். எல்லா வீட்டிலும் என் கன்னத்தைக் கிள்ளி, இங்கிலீஷ்காரியாகப் போகிறாய் என்றார்கள். எனக்குப் போக விருப்பமில்லை. என் வகுப்பும் என் சிநேகிதிகளும் இங்கே இருந்தார்கள். அங்கே கடலுக்கு நடுவில் நான் மட்டும் தனியாக நிற்பதாக நினைத்துக்கொண்டு பயந்தேன். ஆனால் பாயசம் எனக்குப் பிடிக்கும் என்பதால் விருந்துகளை எதிர்க்கவில்லை.

விசா வரவில்லை. அடுத்த மாதம் என்றார்கள். அதற்கடுத்த மாதம் என்றார்கள். மழைக்காலம் வந்தது. நாங்கள் பாய் விரித்துத் தரையில் படுத்தோம். ஞாயிற்றுக்கிழமை பின்வீட்டுக்குப் போய் எங்கள் டி.வி.யை விருந்தாளிகளாக உட்கார்ந்து பார்த்தோம். அந்த வீட்டு மாமா சங்கடப்பட்டு, அதன் மேல் புதிதாக ஒரு பூப்போட்ட துணியைப் போட்டு வைத்தார், வேறு டி.வி. போலத் தெரியட்டும் என்று. மாவு அரைக்க எதிர்வீட்டுக்குப் போனோம். அங்கே எங்கள் கட்டிலில் அத்தையின் மாமியார் படுத்திருப்பார். அம்மாவைக் கண்டதும் ஏதோ தப்புச் செய்தவர் போல எழுந்து உட்காருவார்.

அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு நாள் வாசலில் நிறுத்திவைத்துக் கேட்டார். "ஏங்க்கா, கொழந்தைய வெச்சிகினு எத்தினி நாளிக்கி தரையில படுப்பீங்க? கட்டில எடுத்துகினு போங்க. நீங்க ஏறி உக்காந்தா ஏரோப்ளேன் வராமப் போயிடுமா?"

"இருக்கட்டும். இன்னிக்கோ நாளைக்கோ போறவங்க. அதுக்குள்ள எதுக்கு?" என்றாள் அம்மா.

அத்தையும் விடவில்லை. "நீங்க போறப்ப திரும்பக் குடுத்துட்டுப் போங்க. இன்னொரு தபா விருந்து வெக்கிறேன், போதுமா?"

அம்மா சிரித்தாள். ஆனால் கட்டிலைக் கேட்கவில்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்கக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். வட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். ரோஷக்காரி என்று ஒரு பெயரும் வந்தது.

எனக்கோ அந்தக் காலி வீடு கொண்டாட்டமாக இருந்தது. ஹாலில் பேசினால் குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. பள்ளி அரைநாள் விடும் சனிக்கிழமை மதியங்களில் அம்மா ஹாலின் நடுவில் நின்று வகுப்பெடுத்துப் பழகினாள். மாணவி நான் ஒருத்திதான். "குட் மார்னிங், கிளாஸ்" என்பாள். நான் எழுந்து நின்று ஒரு வகுப்புக்கே சேர்த்துக் கத்துவேன். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் பென்சிலைப் போட்டு, அது ஏன் ஒடிந்தாற்போலத் தெரிகிறது என்று ஆங்கிலத்தில் விளக்குவாள். எனக்குப் புரியாது. தமிழில் சொல்லுவாள். அதுவும் முழுசாகப் புரியாது. தண்ணீருக்குப் பென்சிலைப் பிடிக்கவில்லை என்று ஒரு நாள் நான் பதில் சொன்னேன். அம்மா என்னைத் திருத்தவில்லை. "சரி, யோசிக்கிற பொண்ணு. உக்காரு" என்றாள், எதிரில் நாற்பது பேர் இருப்பது போல. அப்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா, பிற்பாடு நானாகச் சேர்த்துக்கொண்டேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

எனக்கு இன்று அம்மாவின் அன்றைய வயது. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கு வேறு பள்ளி பார்க்கலாமா என்று யோசித்து யோசித்தே ஒரு அட்மிஷன் காலத்தைக் கடத்திவிட்டேன். பள்ளியை மாற்றவே எனக்கு இத்தனை தயக்கம். ஒரு வீட்டையே காலி செய்து வைத்துக்கொண்டு, வெறும் தரையில் உட்கார்ந்து காத்திருக்க அம்மாவுக்கு எப்படி மனம் வந்தது? கேட்கலாம். அம்மா வாரம் இரண்டு முறை போன் செய்கிறாள். பேத்தி சாப்பிட்டாளா என்கிறாள், சாப்பிட்டாள் என்கிறேன். அதற்குள் குக்கர் சத்தம் வந்துவிடுகிறது, அவள் பக்கமோ என் பக்கமோ.

கடைசியில் ஜமைக்காவிலிருந்து தகவல் வந்தது. அப்பா மட்டும் முதலில் வரலாம். வேலை தயார். ஒரு வருடம் பார்த்துவிட்டுக் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்பா நினைத்திருந்தபடி நீண்ட லீவில் போக முடியாது, இங்கே ராஜினாமா செய்துவிட்டுத்தான் வர வேண்டும்.

அப்பா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பெர்மனென்ட் என்ற சொல் எங்கள் டவுன்ஷிப்பில் சாமி பெயர் மாதிரி. கான்ட்ராக்டில் இருப்பவர்கள் அந்த ஒரு சொல்லுக்காகப் பாதி ஆயுளைக் கழித்துவிடுவார்கள். அதை யாராவது தானாக எழுதிக்கொடுத்துவிட்டுப் போவார்களா என்று பின்வீட்டு மாமா கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். அப்பா பயந்ததும் நியாயம்தான். இன்று என் கணவர் அப்படி ஒரு முடிவெடுத்தால் நானே கையைப் பிடித்து நிறுத்துவேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு காலை, ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது, ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே அப்பா கேட்டார். "வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

அம்மா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள். மூடி சரியாக உட்காரவில்லை. திரும்பத் திறந்து மூடினாள்.

"உங்களுக்கு எது சரின்னு படுதோ, அதச் செய்யுங்க."

அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. எத்தனை பெரிய மனசு என்று அன்று சாயங்காலம் எதிர்வீட்டில் அம்மாவைப் பற்றிச் சொன்னாராம். வேறொருத்தியாக இருந்தால் வெளிநாடு வெளிநாடு என்று உயிரை எடுத்திருப்பாள் என்று அவர்களும் ஒப்புக்கொண்டார்களாம்.

அடுத்த ஞாயிறு மதியம் அப்பாவும் பின்வீட்டு மாமாவும் எதிர்வீட்டுக்குப் போனார்கள். அத்தை கட்டிலைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். அத்தையின் மாமியார் வாசலில் நின்று, தனக்கும் இனிமேல் நிம்மதியாகத் தூக்கம் வரும் என்றார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தெருவைக் கடந்தார்கள். மாமா வழி நெடுக, ஜமைக்காவுக்கு இவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டுத் தோற்றுப்போனோமே என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார். நான் முன்னால் ஓடி, கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்து பிடித்துக்கொண்டேன்.

அம்மா ஹாலின் நடுவில் நின்றிருந்தாள். கையில் ஒன்றுமில்லை. துடைப்பமோ கரண்டியோ எதுவும் இல்லை. சும்மா நின்றிருந்தாள்.

கட்டில் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தது. பாரத்தில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்றார், பிரியமாகத்தான்.

அம்மா தள்ளிக்கொண்டாள். சுவரோடு சுவராகப் போய் நின்றாள். அவள் நின்ற இடத்தில் கட்டிலை இறக்கினார்கள்.

நான் ஏறிக் குதித்தேன். யாரும் திட்டவில்லை. இனிக் கடலுக்கு நடுவில் போய் நிற்க வேண்டாம், நாளைக்கு வகுப்பில் என் இடத்திலேயே உட்காரலாம். நாங்கள் எல்லோரும் தப்பித்துவிட்டோம் என்ற சந்தோஷம் தாங்காமல் திரும்பத் திரும்பக் குதித்தேன். அந்த எல்லோரிலும் அம்மாவையும் சேர்த்துத்தான்.