அப்பா எழுந்திருக்காத படம்

கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டின் இருட்டறையில், நட்டநடுப் பகலில், இரண்டு வண்டிக்காரர்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதைப் பார்த்தேன். அந்த நிமிஷம்தான் எனக்குப் புத்தி கெட்டது.

அப்பாவுக்கு அங்கே தச்சுவேலை. ஓர் அலமாரியைக் கழற்றிச் சீராக்கித் திரும்பப் பூட்ட வேண்டும். கல்லூரி விடுமுறை என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தார். வெயில் உள்ளே வராதபடி கதவுகளையெல்லாம் சாத்தியிருந்தார்கள். தெருப்பக்கக் கதவின் சாவித் துளை வழியாக மட்டும் ஒரு வெளிச்சக் கோடு. எதிரே வழவழவென்று இழைத்த வெள்ளைச் சுவரில் தெரு முழுவதும் தலைகீழாக விழுந்திருந்தது. வெளியே ஒரு வண்டி இன்னொரு வண்டியை உரசிவிட்டதென்று தகராறு. சுவரில் ஒரு கம்பு கீழிருந்து மேலே போய் ஒருத்தன் மண்டையில் இறங்கியது. அவன் மேலே இருந்த தரையில் போய் விழுந்தான். சத்தம் மட்டும் நேராக வந்தது: "கொன்னேபுடுவேன்டா!"

பாடத்தில் படித்த சங்கதிதான். பரீட்சையில் படம் போட்டு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் சுவரில் ஒருத்தனுக்கு மண்டை உடைவதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. வீட்டுக்குள்ளேயே சினிமா காட்டலாம்.

வாய் சும்மா இருக்குமா? மலாயாவிலிருந்து திரும்பியிருந்த அந்த வீட்டுக்காரரிடம் உளறிவிட்டேன். அவர் சிரித்தார். "மிசினே ஒண்ணு மாடியில கெடக்கு தம்பி. கப்பல்ல வந்த நாள்லேருந்து ஓடல. வேணும்னா தூக்கிட்டுப் போ."

பதினாறு எம்எம் புரொஜெக்டர். நான் அதைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு காரைக்குடி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அப்பா மிஷினையே முறைத்துக்கொண்டு வந்தார்.

எங்கள் வீட்டில் பேச்சு முடிகிற இடத்தில் கை தொடங்கும். சில இடங்களில் பேச்சே இல்லாமல் கை தொடங்கும். அதற்கு முந்தின வருஷம் நான் கொண்டுவந்த டிரான்சிஸ்டர் ரேடியோவை அப்பா பட்டறைப் பலகையில் வைத்துக் கொட்டாப்புளியால் மூன்று போடு போட்டார். கொட்டாப்புளி என்பது உளியின் தலையில் அடிக்கிற கனத்த மரச் சுத்தி. மூன்றாவது அடிக்குத் தேவையே இருக்கவில்லை. இழைக்க உட்கார்த்தினால் காது ரேடியோவில் இருக்கிறதாம், அதனால் ரேடியோவுக்கு அடி. அதற்குப் பிறகு காதுக்கும் அடி. இடது காது இன்னமும் மழைக்காலத்தில் இரையும்.

புரொஜெக்டரைப் பலகையில் இறக்கியதும் அப்பா கொட்டாப்புளியைக் கையில் எடுத்தார். எடுத்துக்கொண்டே பேசினார். அது அதிசயம்.

"ஒரு படம். ஒண்ணே ஒண்ணு. ஓட்டு. நான் உக்காந்து முழுசாப் பாத்தேன்னா வச்சுக்க. நடுவுல எந்திரிச்சேன், அந்த ரேடியோ போன எடத்துக்கே இதுவும் போகும். நீ படிப்ப முடிக்கிற வரைக்கும் காலேஜத் தவிர பட்டறைய விட்டு வெளிய கால் வைக்க முடியாது. சரியா?"

"சரிப்பா."

"சரின்னு சொன்ன. ஞாபகம் வச்சுக்க."

இரண்டு மாதத்தில் மிஷினை ஓட வைத்துவிட்டேன். அறுந்துபோயிருந்த பெல்ட்டுக்குத் தையல் மிஷின் பெல்ட். உள்ளே இருந்த ஆம்ப்ளிபயர் செத்துவிட்டதால் ரேடியோக் கடைக்காரர் தூக்கிப் போட்டிருந்த பழையது ஒன்று. ஒலிபெருக்கிக்குப் பலாப்பலகையில் நானே ஒரு பெட்டி செய்தேன். என் மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், எங்கள் பட்டறையிலேயே வேலை செய்கிறவர், அந்தப் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ள, இது ஆசாரி மகன் செஞ்சதுன்னு வெளிய சொல்லாதீக. எனக்குப் பொண்ணு குடுத்த வீடு இது" என்றார்.

கல்லூரி ஆய்வகத்திலிருந்து பயிர்ப்பூச்சி பற்றிய ஒரு படத்தை இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். பேசுகிறவர் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவது போல் இருந்தது. ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் நடுவில் ஒருத்தர் குருவி விரட்டத் தகரத்தை ஓங்கி அடித்தார். அந்த அடி! பட்டறையில் இருந்த ரம்பம் அதிர்ந்து பாடியது. அப்போதே முடிவு கட்டினேன். என் மிஷினுக்குப் பேச்சு வராது, அடிதான் வரும்.

ஆனாலும் எல்லோரிடமும் கேட்டேன். அம்மா சாமி படம் போடச் சொன்னாள். "சாமி படத்துக்கு நடுவுல எவன்டா எந்திரிப்பான்?"

"எல்லாருமே எந்திரிப்பாகம்மா. சாமி காட்சி குடுக்கும்போது கைய எடுத்துக் கும்புட்டுக்கிட்டு நிப்பாக. அப்பாவும்தான் நிப்பாரு. நின்னா மிசின் போச்சு."

அம்மா யோசித்தாள். "ஆமா, நிப்பாரு. வேற எதுக்கும் நிக்காட்டியும் அதுக்கு நிப்பாரு."

குடும்பப் படம் ஆகாது. கொட்டகையில் ஒரு முறை எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். வீட்டில்தான் தினமும் நடக்கிறதே, இதை வெளியே போய் வேறு பார்க்க வேண்டுமா என்றார். அவர் சொன்னதில் இருந்த வேடிக்கை அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. சிரிப்புப் படத்துக்கு வசனம் விளங்க வேண்டும். ஆக, மிச்சம் சண்டைப் படம். அப்பாவுக்கு அடி பிடிக்கும். நான் இருபது வருஷமாகக் கண்டது அதுதான்.

மதுரையில் ஒரு சந்துக்குள் பதினாறு எம்எம் படங்களை வாடகைக்கு விடுகிற கடை இருந்தது. பள்ளிக்கூடங்களும் மில்களும் வாங்கிப் போகும். கடைக்காரர் பேரேடு மாதிரி ஒரு நோட்டை என் முன் தள்ளினார்.

"எந்த மாதிரி தம்பி வேணும்?"

"எங்கப்பா எந்திரிக்கக் கூடாதுங்க."

"அப்ப நல்ல கயிறா ஒண்ணு வாங்கிக்கங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். "இந்தா, ராஜா ராணிக் கதை. மொத்தம் பதினொரு சண்டை. வில்லன் கடைசிச் சண்டைலதான் சாவான். அதுவரைக்கும் அடிச்சுக்கிட்டே இருப்பான்."

ஒரு ரீலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தேன். விரல் நகம் அளவுக்குக் கட்டம் கட்டமாக முஷ்டி, முகம், முஷ்டி, முகம். இன்னொரு ரீலின் நடுவில் ஓர் அரண்மனைக் கதவு வந்தது. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. நிலைச் சட்டத்தில் யாளியும் கொடியும், மேலே உட்கார்ந்த லட்சுமி. கட்டம் கட்டமாக அந்தக் கதவேதான். அப்பாவுக்காகவே யாரோ எடுத்து வைத்த மாதிரி இருந்தது. அதற்கு மேல் பிரித்துப் பார்க்கவில்லை. இதுதான், இதையே கொடுங்கள் என்றேன். இன்னும் ஒரு முழம் பிரித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பட்டறையின் கதவைச் சாத்தி, ஓட்டையில் எல்லாம் சாக்கைத் திணித்தேன். அப்பாவின் எட்டு முழ வேட்டியைச் சட்டத்தில் இழுத்து ஆணியடித்தேன். இழைப்புச் சுருளைக் கூட்டிப் பெருக்கி ஒரு மூலையில் தள்ளினேன். விளக்குச் சூட்டில் தீப்பிடித்தால் அப்பா எழுந்திருக்காமல் என்ன செய்வார்? அம்மா, அக்கா, மச்சான், பட்டறை ஆட்கள் நாலு பேர். அப்பா முக்காலியில். மடியில் கொட்டாப்புளி.

முதல் சண்டை ஆற்றங்கரையில். கதாநாயகன் ஒருத்தனைத் தூக்கிப் பாறையில் அறைந்தான். பலாப்பெட்டி தன் வேலையைக் காட்டியது. எலும்பு நொறுங்குகிற சத்தம் எங்கள் விலாவுக்குள்ளே கேட்டது. அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. மூன்றாவது சண்டையில் ஒருத்தன் கண்ணில் மண்ணை வாரி வீசிவிட்டுக் கழுத்தை நெரித்தார்கள். "விடாத" என்றார் அப்பா, யாரிடமோ. ஐந்தாவதில் அவருடைய வலது கை முக்காலியின் காலைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது. நான் இருட்டில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஜெயித்துவிட்டேன்.

கதவு வந்தது.

அப்பா முன்னால் சாய்ந்தார். "வேலையப் பாருங்க மாப்ள" என்றார் மச்சானிடம். "கொடி எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு பாருங்க. எவன்டா செஞ்சான்?"

அப்போது வில்லனின் ஆட்கள் கோடரியோடு ஓடி வந்தார்கள்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. நிலையை மஞ்சள் துணி கட்டி நட்டுவிட்டால், அதற்குப் பிறகு அதன்மேல் இரும்பு படக் கூடாது. ஏதாவது தட்ட வேண்டியிருந்தால் மரச் சுத்திதான். சின்ன வயதில், நட்டிருந்த ஒரு நிலையில் நான் விளையாட்டாக ஓர் ஆணியை அறைந்துவிட்டு, அப்பாவின் உத்தரவில் அதே ஆணியைத் தரையில் முட்டி போட்டுப் பல்லால் பிடுங்கியிருக்கிறேன். உதட்டுத் தழும்பு அதுதான். இதெல்லாம் மதுரையில் ஜன்னலோரம் நின்றபோது என் மூளைக்கு எட்டவில்லை.

கோடரி லட்சுமியின் முகத்தில் இறங்கியது. பலாப்பெட்டி இடி மாதிரி அதைச் சொன்னது. இரண்டாவது வெட்டு யாளியின் கழுத்தில்.

அப்பா எழுந்தார். முக்காலி உருண்டது. "டேய், நிலையிலயாடா இரும்ப வக்கிற!" கொட்டாப்புளி பறந்தது. வேட்டியைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. கோடரிக்காரன் நெஞ்சில் ஓட்டையோடு வெட்டிக்கொண்டே இருந்தான். அவனைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும் அப்பா திரும்பினார். பலகையில் இருந்த வாய்ச்சியை எடுத்தார். மரம் செதுக்குகிற அதன் வாய் மண்வெட்டி மாதிரி மடிந்திருக்கும். அன்று காலையில்தான் தீட்டியிருந்தார்.

மச்சான் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். "மாமா, வேணாம், மாமா..." அப்பாவின் முழங்கை அவர் வாயில் பட்டது. ஒரு பல் தரையில் தெறித்த சத்தத்தைக் கேட்டேன். அம்மா கத்தினாள்: "ஏங்க, என்ன செய்றீக! பிள்ளையக் கொல்லப் போறீகளா?" அப்பா இடது கையால் என் பிடரியைப் பிடித்து அழுத்தினார். நெற்றி மிஷினின் விளக்குக் கூண்டில் பட்டுச் சுரீரென்று தோல் ஒட்டியது. முடி பொசுங்கிய வாசனை. வலது கையில் வாய்ச்சி மிஷினுக்கு மேலே ஓங்கியிருந்தது.

அந்த மிஷினில் ஒரு லீவர் உண்டு. பின்னால் தள்ளினால் பிலிம் பின்னோக்கி ஓடும். விளையாட்டுக்குக்கூட நான் தொட்டதில்லை. பிடித்துத் தள்ளினேன்.

"உடையலப்பா! பாருங்க, உடையல!"

பெட்டியிலிருந்து ஏதோ மிருகம் முக்குகிற சத்தம் வந்தது. திரையில் கோடரி யாளியின் கழுத்திலிருந்து தானாகப் பிடுங்கிக்கொண்டது. தரையில் கிடந்த சிராய்கள் பறந்து வந்து வெட்டுக்குள் புகுந்தன. பிளவு மூடியது. லட்சுமிக்கு முகம் வந்தது. ஆட்கள் பயந்தவர்கள் போல முதுகு காட்டாமலே பின்வாங்கி ஓடினார்கள். கதவு முழுசாக நின்றது.

பிடரியில் இருந்த கை தளர்ந்தது. வாய்ச்சி இன்னும் மேலேதான் இருந்தது.

"இன்னொரு தடவ" என்றார் அப்பா.

"முன்னால ஓட்டித்தான் பின்னால ஓட்டணும்பா. திரும்ப உடைப்பாக."

வாய்ச்சியைப் பலகையில் வைத்தார். "உடைக்கச் சொல்லு."

முக்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். நான்கு தடவை உடைத்தேன், நான்கு தடவை ஒட்டினேன். என் நெற்றியிலிருந்து நிணநீர் கண்ணுக்குள் வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. நான்காவது தடவை அப்பா திடீரென்று தொடையில் தட்டினார். "மாப்ள, செராயப் பாருங்க! தேக்கு இப்பிடியா பெளக்கும்? பெட்டி அடிக்கிற பலகையில சாயம் பூசி வச்சிருக்கானுக. களவாணிப் பயலுக!"

மச்சான் துண்டால் வாயை அழுத்திக்கொண்டு, "ஆமா மாமா" என்றார். துண்டு சிவப்பாகிக்கொண்டிருந்தது.

விளக்கைப் போட்டதும் அம்மாதான் கேட்டாள். என் பக்கம் நின்றா, எதிராகவா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. "நடுவுல எந்திரிச்சீகளே?"

அப்பா கிழிந்த வேட்டியைப் பார்த்தார். மச்சானின் வாயைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்க்கவில்லை. "அடிக்கத்தான் எந்திரிச்சேன். போகவா எந்திரிச்சேன்?" கொட்டாப்புளியைத் தேடி எடுத்துத் துடைத்தார். "அடுத்த ஞாயித்துக்கெழம இன்னொண்ணு. அன்னைக்கி எந்திரிச்சேன்னா பேச்சே கெடையாது."

இது நடந்து நான்கு நாளாகிறது. நெற்றிப் புண் மேல் பொருக்குக் கட்டியிருக்கிறது. பின்னோக்கி இழுத்ததில் ஒரு முழத்துக்குப் பிலிமின் ஓரத் துளைகள் பிய்ந்துவிட்டன. கடைக்காரர் அதை விரலால் தடவிப் பார்த்து என்னை அடிக்காத குறை. ஆனாலும் நோட்டைத் திரும்பக் கேட்டு வாங்கிப் புரட்டினேன். நிலை நடுகிற, வீடு கட்டுகிற படம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். அதையெல்லாம் எவன் பார்ப்பான் என்றார்.

ஒரு யுத்தப் படம் இருக்கிறது. பேச்சு குறைவு, அடி அதிகம். கடைசி ரீலில் குண்டு விழுந்து ஓர் ஊரே இடிகிறதாம். இந்த முறை ஜன்னலோரம் அதைக் கடைசிக் கட்டம்வரை பிரித்துப் பார்த்துவிட்டேன். கதவு, உத்தரம், தூண், ஒன்று மிச்சமில்லை. அப்பா நேராகப் பார்த்தால் இரண்டாவது குண்டுக்கே எழுந்துவிடுவார்.

பிலிமின் துளைகளில் மாட்டி இழுக்கிற பல்லை நேற்று அரத்தால் ராவி மழுக்கியிருக்கிறேன், பிலிமைப் பிய்க்காது என்று நினைக்கிறேன். வேட்டியின் ஓட்டையை அக்கா தைத்துக் கொடுத்துவிட்டாள். வாய்ச்சியை மச்சான் இரவல் வாங்கிக்கொண்டு போய்விட்டார், திங்கட்கிழமைதான் திருப்பித் தருவாராம். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைசி ரீலை முதலில் மாட்டி, லீவரைப் பின்னால் தள்ளி, அணைந்த நெருப்பின் புகையிலிருந்து தொடங்கி, அந்த ஊரைக் கல் கல்லாக நிமிர்த்தப் போகிறேன்.